பம்பைக் கழற்றுவதற்கு முன்

(கீழப்பழுவூரில் ஓட்டுநர்கள், டிராக்டர் வைத்திருப்போர், பட்டறைத் தொழிலாளர்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திருச்சியிலிருந்து சிதம்பரம் போகிற சாலையும், அரியலூரிலிருந்து திருமானூர் வழியாகத் தஞ்சாவூர் போகிற சாலையும் சந்திக்கிற ஊர் இது. சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர், சிமென்ட் மூட்டை ஏற்றிய லாரி, சாத்தமங்கலம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு இழுக்கும் டிராக்டர், பால் கேனைக் கட்டிக்கொண்டு போகிற எக்ஸ்.எல். வண்டி என்று எல்லாம் இந்த நாற்சந்தியைக் கடந்துதான் போகின்றன. டேங்கில் இருக்கிற எண்ணெயை இன்ஜினுக்குத் தள்ளிக்கொடுக்க இன்று இவை எல்லாவற்றிலும் ஒரு பம்ப் இருக்கிறது. அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

பல ஆண்டுகள் மோட்டார் வாகனப் பாடம் நடத்தியவன் நான். வண்டி நடுவழியில் நின்றதும் "பம்ப் போச்சு" என்ற தீர்ப்பு எவ்வளவு சீக்கிரம் வந்துவிடுகிறது என்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஒரு மோட்டார் சைக்கிள் பம்ப் சில ஆயிரம் ரூபாய். கூலிக்குப் போகிறவருக்கு அது ஒரு வாரத்துக்கும் மேலான உழைப்பு. அந்தப் பணத்தைக் கொடுத்துப் புதுப் பம்ப் போட்ட பிறகும் வண்டி பழையபடியே நின்றால் அவர் யாரிடம் போய்க் கேட்பார்? அதனால் இன்று நான் வற்புறுத்துவது இரண்டு. கெட்டது பம்ப்தான் என்று சோதித்து உறுதி செய்யாமல் அதைக் கழற்றக் கூடாது. பம்ப்தான் கெட்டது என்று உறுதியான பிறகும், எதனால் கெட்டது என்று தெரியாமல் புதியதை மாட்டக் கூடாது.

இந்தப் பம்ப் நம் வாழ்க்கைக்குள் எப்படி வந்தது என்று கொஞ்சம் பார்ப்போம். 1908-இல் அமெரிக்காவில் வந்த ஃபோர்டு மாடல் டி காரில் பம்பே கிடையாது. டேங்க் இருக்கைக்கு அடியில் இருந்தது. பெட்ரோல் தானாக வழிந்து கார்புரேட்டருக்கு இறங்கும். டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும்போது மேடு ஏறினால் இன்ஜின் உயர்ந்துவிடும், பெட்ரோல் வராது. அதனால் காரைத் திருப்பி ரிவர்ஸ் கியரில் மேடு ஏற்றினார்கள். நம் மோட்டார் சைக்கிள்களும் நெடுங்காலம் இந்த முறையில்தான் ஓடின. டேங்க் மேலே, கார்புரேட்டர் கீழே, நடுவில் ஒரு திருகு, ஒரு ரப்பர் குழாய். அம்பாசிடர் காரில் இன்ஜினே இயக்குகிற பம்ப் இருந்தது. கத்திரி வெயிலில் அதற்குள் பெட்ரோல் ஆவியாகி ஓட்டம் தடைபடும். ஓட்டுநர் இறங்கி, பம்பின் மேல் ஈரத்துணி சுற்றிவிட்டு, அது ஆறும்வரை புளியமரத்தடியில் உட்கார்ந்திருப்பார். அந்தக் காட்சி இங்கே உள்ள பெரியவர்கள் பலருக்கு நினைவிருக்கும்.

பெரிய மாற்றம் 2020 ஏப்ரல் 1 அன்று வந்தது. வாகனப் புகை விதிகளில் பி.எஸ். 5 என்ற படியைத் தாண்டி நாடு நேராக பி.எஸ். 6-க்குப் போனது. புகையைக் குறைப்பதற்காகப் பெரும்பாலான இருசக்கர வண்டிகள் கார்புரேட்டரை விட்டு எரிபொருள் இன்ஜெக்‌ஷனுக்கு மாறின. எக்ஸ்.எல். 100 கூட மாறியது. இன்ஜெக்டர் பெட்ரோலைத் துல்லியமாகத் தூவ வேண்டுமானால் அழுத்தம் வேண்டும். சுமார் 3 பார். 30 மீட்டர் உயரத் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீருக்கு அடியில் இருக்கிற அழுத்தம் அவ்வளவுதான். அந்த அழுத்தத்தைத் தர ஒரு மின்சாரப் பம்ப் டேங்குக்குள்ளேயே போய் உட்கார்ந்தது. திருகை மூடித் திறந்து, குழாயைப் பிடுங்கி ஊதிப் பார்த்து வண்டியைச் சரிசெய்த கைகளுக்கு இது புது வேலை. அந்தக் கைகள் திறமை குறைந்தவை என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். யாரும் அவர்களுக்கு உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

முதலில் பெட்ரோல் வண்டி. ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், ஸ்டார்ட்டர் பொத்தானை விட்டுவிட்டுச் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். கில் சுவிட்ச் சரியான பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். டேங்கின் பக்கம் காதை வையுங்கள். இரண்டு மூன்று வினாடி "உம்ம்" என்று ஓர் ஓசை வந்து நிற்க வேண்டும். பம்ப் ஓடி அழுத்தம் ஏற்றுகிற ஓசை அது. அது வந்தால் ஒரு வழி, வராவிட்டால் வேறு வழி. இந்த ஒரே கேள்வி பாதிச் சந்தேகத்தைத் தீர்த்துவிடும்.

ஓசை வரவில்லை என்றால் உடனே பம்பின் மேல் பழி போட வேண்டாம். வண்டி ஒருமுறை சாய்ந்து விழுந்ததா? பல வண்டிகளில், விழுந்தால் பம்பை நிறுத்திவிடும் சென்சார் உண்டு. நிமிர்த்திச் சாவியை ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்தால்தான் பம்ப் ஓடும். சில கார்களில் பெரிய பள்ளத்தில் விழுந்து குலுங்கினாலே பம்பின் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச் இருக்கிறது. அதன் பொத்தானை அழுத்திவிட்டால் போதும். அடுத்தது ஃபியூஸ். பிறகு ரிலே. பக்கத்திலேயே அதே எண்ணுள்ள ஹாரன் ரிலே இருந்தால் இரண்டையும் மாற்றி மாட்டிப் பாருங்கள். காசில்லாத சோதனை. அதன்பின் பம்புக்குப் போகிற கனெக்டர். வைக்கோலும் நெல்லும் இருக்கிற கொட்டகையில் நிற்கிற வண்டியின் வயரை எலி கடிப்பது நம் ஊர்களில் சாதாரணம். ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போனால் எங்கோ வயர் உரசுகிறது, அல்லது பம்ப் இறுகிவிட்டது என்று பொருள். தடித்த கம்பியை ஃபியூஸ் இடத்தில் சுற்றுகிற பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். அந்த வயர் பெட்ரோல் டேங்குக்குள் போகிறது.

ஓசை வருகிறது, ஆனால் மெலிந்து வருகிறது. வண்டி ஓடுகிறது, ஆனால் இரண்டு பேர் ஏறி மேம்பாலம் ஏறினால் திணறுகிறது. இங்கே மல்டிமீட்டர் வேண்டும். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் கனெக்டரில் வோல்ட் பாருங்கள். பேட்டரியில் பன்னிரண்டரை இருந்து, பம்பின் வாயிலில் பத்துதான் வருகிறது என்றால் இடையில் துருப்பிடித்த எர்த்தோ தளர்ந்த பின்னோ மீதியை விழுங்குகிறது. புதுப் பம்ப் போட்டாலும் அதற்கும் பத்துதான் கிடைக்கும். புதிய சில கார்களில் பம்பின் வேகத்தையே கம்ப்யூட்டர் கூட்டிக் குறைக்கும். அவற்றுக்குக் கம்பெனி தருகிற அளவைத்தான் பார்க்க வேண்டும். வோல்ட் சரியாக இருந்தால் பிரஷர் கேஜை மாட்டுங்கள். ஒரு பட்டறையில் ஸ்பானர் செட்டுக்கு அடுத்து வாங்க வேண்டிய கருவி அதுதான் என்பேன். அழுத்தம் குறைவாக இருந்தால் சல்லடையும் ஃபில்டரும் அடைத்திருக்கின்றனவா என்று பார்த்த பிறகுதான் பம்பின் முறை.

இரவு நிறுத்தி வைத்த வண்டி காலையில் நெடுநேரம் கிராங்க் செய்தால்தான் கிளம்புகிறது, பகலில் தொட்டவுடன் கிளம்புகிறது என்றால் சாவியை இரண்டு மூன்று முறை ஆன், ஆஃப் செய்துவிட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். அப்படிச் செய்ததும் உடனே எடுத்துக்கொண்டால், குழாயில் நிற்க வேண்டிய அழுத்தம் இரவில் இறங்கிவிடுகிறது. பம்புக்குள் இருக்கிற சிறிய வால்வோ, ஒழுகும் இன்ஜெக்டரோ காரணம். இன்னொரு வகை, சூடானால் நின்று, ஆறினால் கிளம்புவது. பம்பின் மோட்டார் தேய்ந்தாலும் இப்படித்தான் நடக்கும், கிராங்க் சென்சார் கெட்டாலும் இப்படித்தான் நடக்கும். ஆறிய வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்து சோதித்தால் ஒன்றும் அகப்படாது. நின்ற இடத்திலேயே, நின்ற அந்த நிமிஷமே, பம்ப் ஓசை இருக்கிறதா, பிளக்கில் நெருப்பு வருகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

இந்த வட்டாரத்துக்கென்றே ஒரு கோளாறு இருக்கிறது. பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் காற்று போக வேண்டும். அதற்குச் சிறு துளை மூடியிலோ தனிக் குழாயிலோ வைத்திருப்பார்கள். சுண்ணாம்புக்கல் சுரங்கச் சாலையிலும் சிமென்ட் ஆலைச் சாலையிலும் ஓடுகிற வண்டியில் அந்தத் துளையில் தூசி படியும். அதன் மேல் ஒரு தூறல் விழுந்து வெயில் காய்ந்தால், சிமென்ட் கலந்த தூசி கெட்டியாக இறுகிவிடும். காற்று உள்ளே போகாது, டேங்கில் வெற்றிடம் உண்டாகும், பம்ப் இழுத்துப் பார்த்துத் தோற்றுப்போகும். சில கிலோமீட்டர் ஓடி வண்டி நிற்கும். மூடியைத் திறந்ததும் "உஸ்" என்று காற்று உள்ளே போகிற சத்தம் கேட்டு, உடனே வண்டி கிளம்பினால் நோய் அதுதான். மருந்து ஒரு ஊசியும் கொஞ்சம் காற்றும். இதற்குப் புதுப் பம்ப் வாங்கியவர்கள் உண்டு.

அடுத்து நான் சொல்லப்போவது பலருக்கு வருத்தம் தரலாம். டேங்குக்குள் இருக்கிற பம்பின் மோட்டாரைக் குளிர வைப்பது அதைச் சூழ்ந்தும் அதனூடே ஓடியும் போகிற பெட்ரோல்தான். அன்றாடம் நூறு ரூபாய்க்குப் போட்டு, முள் சிவப்பிலேயே நிற்க ஓட்டினால் பம்ப் பாதி நேரம் சூட்டில் வேகிறது. அடியில் தங்குகிற மண்டியையும் தண்ணீரையும் அதுவே முதலில் இழுக்கிறது. அன்றைய கூலி அன்று வருகிற வீட்டில் டேங்கை நிரப்பு என்று சொல்வது எளிதல்ல. எனக்கு அது தெரியும். அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். கையில் காசு சேர்கிற ஒரு நாளில் இரண்டு மூன்று லிட்டரை ஒருசேரப் போட்டு, அதைத் தொடாமல் அடியிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வழக்கம்போல நூறு ரூபாய்க்கே போடுங்கள். செலவு கூடாது. ஒரே ஒருமுறை முன்பணம் கட்டுவதுதான், பம்பின் ஆயுள் கூடும்.

தண்ணீரைப் பற்றி மேலும் ஒரு சொல். 2025-இல் நாடு முழுவதும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கிற நிலைக்கு வந்துவிட்டோம். இந்தச் சாலையில் போகிற கரும்பின் சாற்றிலிருந்தும், அதைக் காய்ச்சியபின் மிஞ்சுகிற மொலாசஸிலிருந்தும் எத்தனால் வருகிறது. விவசாயிக்கு நல்லது என்ற முறையில் நான் அதை வரவேற்கிறேன். ஆனால் எத்தனால் தண்ணீரை விரும்பிச் சேர்த்துக்கொள்ளும். கொஞ்சம் தண்ணீர் என்றால் பெட்ரோலோடு கரைந்து எரிந்துபோகும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துப் பெட்ரோலைவிட்டுப் பிரிந்து டேங்கின் அடிக்குப் போய்விடும். பம்பின் வாய் இருப்பதும் அங்கேதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் வண்டி நனைந்தபின் இடக்கு செய்தால், டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி வையுங்கள். இரண்டு அடுக்காகத் தெரிந்தால் டேங்கைக் காலி செய்து உலர்த்துங்கள். 2023 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளின் ரப்பரும் சீலும் இந்தக் கலவைக்கென்றே செய்யப்பட்டவை. அதற்கு முந்திய வண்டி வைத்திருப்போர் பெட்ரோல் குழாயையும் ஓ-ரிங்கையும் அவ்வப்போது தொட்டுப் பாருங்கள், வீங்கினாலோ வெடித்தாலோ மாற்றிவிடுங்கள்.

கார் வைத்திருப்போர் கவனிக்க வேண்டியது வேறொன்று. பம்பே பிறவியில் குறையோடு வந்திருக்கலாம். 2020 ஜூலையில் மாருதி சுசுகி, பம்பில் குறை இருக்கலாம் என்று 1,34,885 வேகன்-ஆர், பலேனோ கார்களைத் திரும்ப அழைத்தது. 2021 ஏப்ரலில் ஹோண்டா 77,954 கார்களை அழைத்தது. அங்கே சிக்கல் பம்புக்குள் சுழல்கிற சிறு பிளாஸ்டிக் சக்கரத்தில் இருந்தது. உலகெங்கும் பல கம்பெனிகளின் கார்களில் இதே வகைச் சக்கரம் எரிபொருளை உறிஞ்சி வீங்கி, பம்பின் சுவரில் உரசி நின்றதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். இப்படி அழைக்கப்பட்ட கார்களுக்குப் பம்பை இலவசமாக மாற்றித் தருகிறார்கள். பழைய காரை இரண்டாம் கையாக வாங்கியவருக்கு அந்த அழைப்புக் கடிதம் போயே சேர்ந்திருக்காது. கம்பெனியின் இணையதளத்தில் சேஸிஸ் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம், அல்லது ஷோரூமில் கேட்கலாம். காசு கொடுத்து மாற்றுவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள்.

இனி டீசல். இந்த ஊரில் இதுதான் பெரிய சங்கதி.

பழைய டிராக்டரும் லாரியும் ஓடுவது இரண்டு பம்பில். டேங்கிலிருந்து இழுத்துத் தருகிற ஃபீட் பம்ப் ஒன்று. அதை அளந்து நாஸிலுக்கு அடிக்கிற எஃப்.ஐ. பம்ப் இன்னொன்று. 1951-இல் தொடங்கிய மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனியின் பெயரால் இதை மைகோ பம்ப் என்றே இன்றும் பலர் சொல்கிறார்கள். முறையாகப் பார்த்துக்கொண்டால் ஒரு தலைமுறைக்கு உழைக்கும் பொருள் அது. கிளம்பி, கொஞ்சம் ஓடி, மூச்சு முட்டி நின்றுவிடுகிற டிராக்டரைப் பார்த்ததும் "ஏர் புடிச்சிருக்கு" என்பார்கள். சரிதான். ஏர் எடுத்தால் ஓடும். மறுநாள் மறுபடி நிற்கும். ஏனென்றால் ஏரை எடுத்தோமே தவிர, அது நுழைந்த வழியை அடைக்கவில்லை.

இந்த இடத்தில் நிதானமாகக் கேளுங்கள். ஃபீட் பம்புக்கு அப்பால் உள்ள குழாயில் விரிசல் இருந்தால் டீசல் வெளியே கசியும், ஈரம் தெரியும், கண்டுபிடித்துவிடலாம். டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில் விரிசல் இருந்தால் அங்கே நடப்பது இழுப்பு. டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். ஒரு சொட்டு ஈரம்கூட இருக்காது. அதனால்தான் அனுபவசாலிகள்கூட இதில் ஏமாறுகிறார்கள். கண்டுபிடிக்க ஒரு கேன் போதும். டேங்குக் குழாயைக் கழற்றிவிட்டு, சுத்தமான டீசல் உள்ள கேனிலிருந்து ஒரு புதுக் குழாயை நேராக ஃபீட் பம்புக்குக் கொடுத்து ஓட்டுங்கள். அரை மணி நேரம் நிற்காமல் ஓடினால் பம்புகள் இரண்டும் நல்லவை. குற்றம் டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் இடையில் இருக்கிறது. காய்ந்து வெடித்த ரப்பர் குழாய், திரும்பத் திரும்பப் போட்டு நசுங்கிய செம்பு வாஷர், ஃபில்டர் கிண்ணத்தின் சீல் ஆகியவற்றை வரிசையாக மாற்றுங்கள். கேனிலிருந்து கொடுத்தும் திணறினால் அப்போது ஃபீட் பம்பைக் கழற்றலாம். எஃப்.ஐ. பம்பை மட்டும் சாலையோரத்தில் திறக்கக் கூடாது. அது கேலிபரேஷன் பெஞ்ச் உள்ள இடத்தில் திறக்க வேண்டியது. அதன் சீலை உடைத்து டீசலைக் கூட்டி வைத்தால் இழுவை கூடும் என்று நம்புகிறவர்கள், பின்னால் வரும் கரும்புகை எல்லாம் எரியாத டீசல் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பி.எஸ். 6 டிப்பர் வேறு உலகம். எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஒரே குழாயில், அதாவது ரெயிலில், டீசலை அழுத்தி வைக்கிற காமன் ரெயில் முறையில் அழுத்தம் 1,600, 2,000 பார் என்று போகிறது. முதன்முதலாக 1997-இல் ஒரு கார் இந்த முறையில் விற்பனைக்கு வந்தது; இன்று நம் சுரங்கத்தில் கல் அள்ளுகிற வண்டியில் இருக்கிறது. இந்த அழுத்தத்தைத் தருகிற பம்புக்குள் பாகங்களுக்கு இடையிலான இடைவெளி மைக்ரான் கணக்கு. அதை வழுக்கவைக்கிற எண்ணெயும் டீசல்தான். டீசலோடு தண்ணீர் போனால், மலிவாகக் கிடைத்த மண்ணெண்ணெய்க் கலப்பு போனால், அந்த வழுக்கல் போய்விடும். உலோகம் உலோகத்தைத் தேய்த்துத் துகள் விடும். துகள் ரெயிலுக்கும் எல்லா இன்ஜெக்டருக்கும் பரவி, திரும்பும் குழாய் வழியாக டேங்குக்கும் வந்துவிடும். அதன்பின் பம்பை மட்டும் மாற்றிப் பயனில்லை. செலவு லட்ச ரூபாய்க் கணக்கில் போகும். இத்தனையையும் தடுப்பது ஃபில்டருக்கு அடியில் இருக்கிற ஒரு திருகு. தண்ணீர் விளக்கு எரிந்தால் அன்றே திறந்து வடித்துவிடுங்கள். மழைக்காலத்தில் விளக்கு எரியாவிட்டாலும் வாரம் ஒருமுறை வடியுங்கள். இரவில் டேங்க் பாதி காலியாக நின்றால் உள்ளே உள்ள காற்றின் ஈரம் தண்ணீராகும். முடிந்தால் வேலை முடிந்து வரும்போது நிரப்பிவிட்டு நிறுத்துங்கள். பங்க்கிலிருந்து கேனில் வாங்கிவந்து டிராக்டருக்கு ஊற்றுகிறவர்கள், கேனை அசையாமல் ஓர் இரவு வைத்துவிட்டு, அடியில் கொஞ்சம் மிச்சம் விட்டு ஊற்றினால் போதும். துணியில் வடிகட்ட வேண்டாம், அதன் நூலே ஃபில்டரில் போய்ச் சேரும்.

பி.எஸ். 6 லாரிகளில் யூரியா கரைசலுக்கு என்று இன்னொரு டேங்க் இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு யூரியா, மீதி தண்ணீர். தூக்கக் கலக்கத்தில் அதை டீசல் டேங்கில் ஊற்றிவிடுவது நடக்கிறது. டீசல் காரில் பெட்ரோல் போட்டுவிடுவதும் நடக்கிறது. அப்படி நேர்ந்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள்; சாவியைக்கூடத் திருப்பாதீர்கள், திருப்பினாலே பல வண்டிகளில் உள் பம்ப் ஓடத் தொடங்கிவிடும். வண்டியைத் தள்ளி ஓரம் கட்டி டேங்கைக் காலி செய்தால் அதோடு போகும். முதலாளி திட்டுவாரே என்று பயந்து ஓட்டிவிட்டால்தான் பெரிய நஷ்டம். முதலாளிகளும் இங்கே இருக்கிறீர்கள். இப்படி ஒரு பையன் வந்து தானாக உண்மையைச் சொன்னால் அவனைத் திட்டாதீர்கள், உங்கள் இன்ஜினைக் காப்பாற்றிக் கொடுத்தவன் அவன்.

உயிர் சம்பந்தப்பட்ட இரண்டு செய்திகள். காமன் ரெயில் குழாயில் கசிவு தெரிந்தால் கையை வைத்துத் தடவிப் பார்க்காதீர்கள். ஊசி முனை அளவு பீச்சலாக வருகிற டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், முதலில் வலியும் அதிகம் இருக்காது. உள்ளே சதை அழுகும். அது அறுவை சிகிச்சைக்குரிய அவசரம். ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போய், "டீசல் உள்ளே பாய்ந்துவிட்டது" என்று சொல்ல வேண்டும். பழைய டிராக்டரில் செய்வதுபோல இந்த வண்டிகளில் இன்ஜின் சுற்றும்போது இன்ஜெக்டர் நட்டைத் தளர்த்தவே கூடாது.

மற்றொன்று, குழாயை வாயில் வைத்து உறிஞ்சுவது. பெட்ரோலும் டீசலும் வயிற்றுக்குப் போவதைவிட நுரையீரலுக்குப் போவதுதான் ஆபத்து. உறிஞ்சும்போது புரையேறி ஒரு சிறு மடக்கு மூச்சுக்குழலுக்குள் போனால் நுரையீரல் வெந்துபோகும். விழுங்கிவிட்டவரை வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தியோடு அது மறுபடி மூச்சுக்குழலுக்குள் போகும். நேராக மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். கையால் அமுக்கி உறிஞ்சுகிற ரப்பர் பம்ப் கடைகளில் கிடைக்கிறது, மலிவான பொருள்தான். ஒவ்வொரு பட்டறையிலும் ஒன்று தொங்கட்டும்.

கடைசியாக, எல்லாச் சோதனையும் முடிந்து, பம்ப்தான் கெட்டது என்று உறுதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். புதியதை வாங்கும் முன் பழைய பம்பின் சல்லடையை வெட்டி வெள்ளைக் காகிதத்தில் உதறிப் பாருங்கள். வெளுத்த மாவுபோல வந்தால் தூசி உள்ளே போகிற வழி இருக்கிறது. மூடியின் ரப்பரைப் பாருங்கள். செம்பழுப்பாக வந்தால் டேங்கே துருப்பிடித்திருக்கிறது. கறுத்த பிசினாக இருந்தால் எண்ணெய் நெடுநாள் தேங்கிக் கெட்டிருக்கிறது. சல்லடை சுத்தமாக இருந்து மோட்டார் மட்டும் கருகியிருந்தால், டேங்க் காலியாகவே ஓடியிருக்கிறது அல்லது வோல்ட் சரியில்லை. வண்டிக்காரர்கள் பழைய பம்பைக் கேட்டு வாங்குங்கள். மெக்கானிக்குகள் கேட்பதற்கு முன்பே எடுத்துக் காட்டுங்கள். எது வந்ததோ அதைச் சரிசெய்து, டேங்கைக் கழுவி உலர்த்தி, சல்லடையையும் ஓ-ரிங்கையும் புதிதாகப் போட்டு, அதன்பின் பம்பை மாட்டுங்கள். மாட்டி முடித்ததும் பிரஷர் கேஜை வைத்து அளவைப் பில்லின் பின்பக்கம் எழுதிக்கொடுங்கள். அடுத்த முறை வண்டி திணறினால் ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண் வேண்டும்.